அத்தைக்கு ஊழியர் வகை டிக்கெட்

மனித நாகரிகத்தின் உச்சம் எதுவென்று என்னைக் கேட்டால், அடுத்தவர் பறப்பதற்காக நம் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதுதான் என்பேன். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் தானும் அதில் ஏறிக்கொண்டான். நெருப்பைக் கண்டுபிடித்தவன் தானும் குளிர் காய்ந்தான். அடுத்தவருக்கு விமான டிக்கெட் போடுகிறவன் மட்டும்தான் தரையிலேயே நின்று கையாட்டுகிறான். இதைவிட உயர்ந்த குணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை.

இந்தக் குணம் மூன்று வாரங்களுக்கு முன்பு என்னிடம் திடீரென்று தென்பட்டது.

என் மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அதற்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டார்கள். அவளுடைய அம்மா, அதாவது என் அத்தை, மட்டும் "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாப்பிள்ளை" என்றார். அந்த இரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

அத்தைக்கு இன்னொரு மகள் உண்டு. கடல் தாண்டி இருக்கிறாள். தலைப்பிரசவம், நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என்னிடம் போனில் பேசினாள்.

"மாமா, அம்மாவ அனுப்பி வைங்க. ஒரு ஆறு மாசமாவது இங்க இருக்கட்டும்."

"அனுப்பறேன்."

"டிக்கெட் இவரே போடறேங்கறார்."

"வேணாம். நான் போடறேன்."

சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பதினோரு மாதத்தில் நானாக எடுத்த முதல் முடிவு அது. ஆறு மாதம் பற்றி மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் விஷயத்தை வெளியிட்டேன். மருந்துப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களில் பிழை பார்ப்பது என் வேலை. பக்கத்து மேசைக்காரருக்கு ‘பாயிண்ட்’ என்று பெயர். சோப்பு வாங்கினாலும் சுண்ணாம்பு வாங்கினாலும் கார்டில்தான் வாங்குவார். பாயிண்ட் சேருமாம்.

"அடுத்தவங்களுக்கு டிக்கெட்டா? அருமை சார்! பறக்கறது அவங்க, பாயிண்ட் உங்களுக்கு."

"பாயிண்ட்ட வச்சு என்ன செய்யறது?"

"இன்னொரு டிக்கெட் வாங்கலாம்."

"எங்க போறதுக்கு?"

பாயிண்ட் யோசித்தார். பன்னிரண்டு வருடமாகச் சேர்க்கிறார். இந்தக் கேள்வி அவர் முன் வந்ததே இல்லை போலிருக்கிறது.

"அது அவ்வளவு முக்கியமில்ல சார்" என்றார்.

அன்று மாலை விமானக் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். சாதாரணக் கம்பெனி அல்ல. ‘மூன்றாம் நபர் அட்டைப் பாதுகாப்புக் கொள்கை’ என்று ஒன்றை வைத்திருக்கிறது. கார்டு ஒருவருடையது, பயணம் இன்னொருவருடையது என்றால், இருவருக்கும் நடுவில் என்ன உறவு என்பதைக் கம்பெனி தெரிந்துகொண்டே தீரும். திருட்டுக் கார்டில் யாரும் பறந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். எவனோ ஒருவன் நம் கார்டைத் திருடித் தன் மாமியாரை ஊருக்கு அனுப்பிவிட்டால் உலகம் என்ன ஆவது?

‘பயணியின் உறவு’ என்ற கட்டத்தை அழுத்தினேன். பட்டியல் விழுந்தது. துணைவர், பிள்ளை, பெற்றோர், துணைவரின் பெற்றோர், ஊழியர், மற்றவை. மனித உறவுகள் மொத்தம் ஆறுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நாம்தான் சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்ட மச்சான் என்று வீணாகப் பெருக்கி வைத்திருக்கிறோம்.

‘துணைவரின் பெற்றோர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். உடனே நான்கு கட்டங்கள் முளைத்தன. துணைவரின் பெயர். பிறந்த தேதி. கைபேசி எண். நான்காவது, ‘துணைவர் தற்போது இருக்கும் இடம்’. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று அர்த்தம்.

முதல் மூன்றையும் நிரப்பினேன். நான்காவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘நீண்ட நேரம் எந்தச் செயல்பாடும் இல்லாததால் தாங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்’ என்று திரையில் வந்தது. என்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாக இதுவரை யாரும் எழுதியதில்லை.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். குரலில் தேன்.

"துணைவர் இப்ப எந்த ஊர்ல இருக்காங்க சார்?"

"எந்த ஊர்லயும் இல்ல."

"டிராவல்ல இருக்காங்களா? எப்ப திரும்புவாங்க?"

"திரும்ப மாட்டாங்க."

"ஓ, டிவோர்ஸா சார்? அப்படின்னா மாமியார் இந்த வகையில வர மாட்டாங்க."

"இறந்துட்டாங்க."

மறுமுனையில் விசைகளைத் தட்டும் ஓசை.

"ரொம்ப வருத்தம் சார். ஆனா அப்படின்னா அந்த உறவு சிஸ்டத்துல ஆக்டிவா இல்ல சார்."

"அவங்க அம்மா ஆக்டிவாத்தான் இருக்காங்க. இப்பதான் என்னைத் திட்டினாங்க."

"புரியுது சார். ஆனா நடுவுல ஒரு ஆள் வேணும். இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் அவங்க. ரெண்டு பேரையும் இணைக்கறவங்க இல்லேன்னா சிஸ்டம் ஏத்துக்காது."

எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! பதினோரு மாதமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிலவும் பிரச்சினையை இவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

"‘மற்றவை’ன்னு போடலாமா?"

"போடலாம் சார். கமிட்டிக்குப் போகும். இருபது வேலை நாள் ஆகும்."

இருபது வேலை நாளில் குழந்தை பிறந்து, கமிட்டியைவிட விவரமாகிவிடும். நன்றி சொல்லி வைத்தேன்.

மீதி இருந்தது ‘ஊழியர்’. அழுத்தினேன். சிவப்பு நட்சத்திரம் எதுவும் வரவில்லை. பெயர் மட்டும் கேட்டது. ‘பணியின் தன்மை’ என்றது. ‘பொது’ என்று போட்டேன். ‘பணிக்குத் திரும்பும் தேதி’ என்றது. நாட்காட்டி விரிந்தது. பல மாதங்களுக்கு எந்தத் தேதியையும் தொடலாம். என் விரல் இருபத்திரண்டாவது நாளைத் தொட்டது. காரணம் ஒன்றும் இல்லை. என்னிடம் மடித்து வைத்த சட்டைகள் இருபத்திரண்டு.

பச்சை நிறத்தில் ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்று வந்தது. கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: ‘பயணத்தன்று அட்டை உரிமையாளர் அட்டையுடன் நேரில் வர வேண்டும்.’

அத்தையிடம் போய், "இருபத்திரண்டு நாளைக்குத்தான் ரிட்டர்ன் சீட் கிடைச்சது அத்தை. அதுக்கப்புறம் எல்லாம் ஃபுல்" என்றேன்.

அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பவில்லை.

"சரி மாப்பிள்ளை. கிடைச்சதே பெருசு."

பயணத்தன்று காலை பத்தேமுக்காலுக்கு விமான நிலையம் போனோம். பெட்டி போடும் கவுன்ட்டர் பதினொன்றரைக்கு மூடிவிடும். அடுத்த விமானம் நான்கு நாள் கழித்து. மைத்துனிக்கு டாக்டர் சொன்ன நாளோ மறுநாள்.

கவுன்ட்டர் பெண் டிக்கெட்டைப் பார்த்தாள். "அடுத்தவங்க கார்டா? சரிபார்ப்பு மேசையில சீல் வாங்கிட்டு வாங்க" என்று மூலையைக் காட்டினாள்.

தள்ளுவண்டிகளை அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் இருந்தது அந்த மேசை. இரண்டு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு மை அட்டை, ‘புன்னகையுடன் சரிபார்க்கிறோம்’ என்ற பலகை. பலகைக்குப் பின்னால் புன்னகைக்காத ஓர் அதிகாரி. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நானும் சரிபார்க்கும் வர்க்கம்தான். எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு.

என் கார்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"அம்மா, இவர்கிட்ட எவ்வளவு நாளா வேலை பாக்கறீங்க?"

இந்த விஷயத்தை நான் அத்தையிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லத்தான் நினைத்திருந்தேன். அத்தை என் பக்கம் திரும்பினார். நான் தள்ளுவண்டிகளை எண்ணினேன்.

அத்தை முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். அரை வார்த்தை காதில் விழுந்தால் மீதியைப் பிடித்துவிடுவார். டிக்கெட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிடித்துவிட்டார்.

"பதினோரு மாசமா சார்" என்றார்.

"வேலை நேரம்?"

"காலைல ஆறு மணிக்கு ஆரம்பம். இவர் சாப்பிட்ட தட்டக் கழுவி வைக்கற வரைக்கும்."

"யாரு கழுவறது?"

"இவரா கழுவுவாரு? நல்லா கேட்டீங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். "என்னென்ன வேலை?"

"எழுப்பறது. எழுந்திருக்கலேன்னா மறுபடி எழுப்பறது. சமையல். துணி. குளிச்சாச்சான்னு கேக்கறது. குளிக்கலேன்னா வெந்நீர் வச்சிட்டேன்னு சொல்றது. ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா, இதோ கிளம்பிட்டாருன்னு சொல்றது."

"அப்ப கிளம்பியிருப்பாரா?"

"போர்வைக்குள்ள இருப்பாரு."

"ஓ. பி.ஏ. வேலையும் பாக்கறீங்க." ‘நேர்முக உதவியாளர், கூடுதல் பொறுப்பு’ என்று எழுதினார். "வார லீவு?"

"அப்படி ஒண்ணு இருக்கா சார்?"

"இது வரைக்கும் லீவே எடுக்கலையா?"

"இதுதான் முதல் தடவை. இதுவும் எனக்காக இல்ல. பொண்ணுக்குப் பிரசவம்."

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். சரிபார்க்கும் வர்க்கத்துக்குள் இருந்த மரியாதையில் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

"இந்தப் போஸ்ட்ல உங்களுக்கு முன்னாடி யாரு இருந்தாங்க?"

அத்தை கைப்பையின் ஜிப்பை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"என் பெரிய பொண்ணு."

"ராஜினாமாவா?"

"இறந்துட்டா சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முறைப்படி தலை குனிந்தார். மூன்று விநாடி. பிறகு பேனாவை எடுத்தார்.

"அப்ப இது கருணை அடிப்படையில நியமனம்" என்று எழுதினார்.

யாருடைய கருணை என்று குறிப்பிட அந்தப் படிவத்தில் இடமில்லை.

"இப்ப முதலாளி" என்று என் பக்கம் திரும்பினார். "ஊழியர் வயசு?"

"அறுபது. அறுபத்தி ரெண்டா இருக்கலாம்."

"அறுபத்தி ஆறு" என்றார் அத்தை, கூரையைப் பார்த்து.

"சாப்பாட்டுல எது சேரும், எது சேராது? விமானத்துல குடுக்கணும்."

யோசித்தேன். எனக்குப் பிடித்ததைத்தான் அத்தை சமைப்பார். அவருக்கு எது பிடிக்கும் என்பது சமையலில் வந்ததே இல்லை.

"தெரியல."

"ஜன்னல் சீட்டா, ஓரத்துச் சீட்டா?"

"தெரியல."

"உடம்புக்கு ஏதாவது? தினமும் மாத்திரை சாப்பிடறாங்களா?"

"இல்ல" என்றேன். இதையாவது உறுதியாகச் சொல்வோமே.

அத்தை கைப்பையைத் திறந்து மாத்திரைப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ரத்த அழுத்தத்துக்கானது. எனக்கு அந்த லேபிள் நன்றாகத் தெரியும். ஏழாவது வரியில் ஒரு கால்புள்ளி விடுபட்டிருந்தது. நான்தான் கண்டுபிடித்துப் போட்டேன். மேலாளர்கூடப் பாராட்டினார். அந்தப் பெட்டி என் வீட்டு அலமாரியிலேயே இருந்தது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

மணி பதினொன்று பத்து. அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழ் வரை படித்தார். காரியம் கெட்டுவிட்டது, அத்தை பறக்கப்போவதில்லை என்று நினைத்தேன். ஒரு கேள்விக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

"மொதல்ல எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு சார்" என்றார் அதிகாரி. "ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டு அட்ரஸ். சொந்தக்காரங்கள ஊழியர்னு போட்டு ஏமாத்தறீங்களோன்னு நெனச்சேன். அப்படிப் பண்றவங்க நிறைய இருக்காங்க. இப்பத் தெளிவாயிடுச்சு."

"எப்படி?"

"சொந்தக்காரங்கன்னா நாலு கேள்வியில ஒண்ணுக்காவது பதில் தெரிஞ்சிருக்கும் சார். உங்களுக்கு ஒண்ணுமே தெரியல. நீங்க முதலாளியேதான்."

ஸ்டாம்பை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். ‘முதலாளி – ஊழியர் உறவு ஐயமற உறுதி செய்யப்பட்டது.’

அத்தை அந்த வரியை ஒரு முறை படித்தார். மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் அதிகாரி. "பிரசவத்துக்குப் போறாங்க, இருபத்திரண்டு நாள்தான் போட்டிருக்கீங்க. பத்துமா?"

"அதுக்கப்புறம் சீட் இல்லையாமே சார்" என்றார் அத்தை.

"யாரு சொன்னா? விமானம் காலியாத்தான் போகுது. ஊழியர் வகையில தேதிய எப்ப வேணும்னாலும் தள்ளிப் போடலாம். முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

தள்ளுவண்டிகள் மொத்தம் நாற்பத்தொன்று. இரண்டு முறை எண்ணினேன்.

"என்ன முதலாளி?" என்றார் அத்தை. "எத்தன நாள் லீவு தர்றீங்க?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு எவ்வளவு நாள் வேணும் அத்தை?"

"அடேயப்பா. பதினோரு மாசத்துல நீங்க என்கிட்ட கேட்ட முதல் கேள்வி மாப்பிள்ளை இது. உப்புக் குறையுதேன்னு கேட்டத விட்டுட்டா."

"அது என்ன அத்தைங்கறீங்க, மாப்பிள்ளைங்கறாங்க?" அதிகாரி நிமிர்ந்தார்.

"செல்லமாக் கூப்பிடறது சார்" என்றார் அத்தை. "நல்ல முதலாளி."

அதிகாரி சமாதானமாகிப் படிவத்தைத் தள்ளினார். திரும்பும் தேதி என்ற இடத்தில் ‘அவர் விருப்பம்போல்’ என்று எழுதினேன்.

"ஐயையோ, அப்படி எழுதக் கூடாது சார்!" அவர் படிவத்தைப் பிடுங்காத குறை. "இஷ்டப்பட்டா வருவாங்க, இல்லேன்னா வர மாட்டாங்கன்னா அது ஊழியர் கிடையாது. சொந்தக்காரங்க. அப்புறம் நான் சீலை ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

"கடைசித் தேதி எது?"

"இன்னிலேர்ந்து பதினோரு மாசம். அதுக்கு மேல சிஸ்டம் தாங்காது."

"தாங்கும் சார், பழகிக்கும்" என்றார் அத்தை.

அந்தத் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். பெட்டி போடும் கவுன்ட்டரில் அத்தைக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. அவருக்கு ஜன்னல்தான் பிடிக்கும் என்பதை அந்தக் கவுன்ட்டர் பெண் கேட்டபோது தெரிந்துகொண்டேன்.

பாதுகாப்புச் சோதனை வாசலில் அத்தை நின்றார்.

"துணி துவைக்கற மெஷின்ல மூணாவது பட்டன். முதல் பட்டன அமுக்காதீங்க, அது கொதிக்கற தண்ணிக்கு."

"சரி அத்தை."

"ஆபீஸ்லேர்ந்து போன் வந்தா நீங்களே எடுத்துக் கிளம்பிட்டேன்னு சொல்லுங்க. கிளம்பினதுக்கு அப்புறம் சொல்லுங்க."

"சரி அத்தை."

"அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன். எடுப்பீங்கல்ல?"

"எடுக்கறேன்."

நான்கு அடி போனவர் திரும்பி வந்தார்.

"அவளும் இப்படித்தான் மாப்பிள்ளை. ஒண்ணும் கேக்க மாட்டா. எல்லாத்தையும் செஞ்சு வச்சிட்டுப் போய்ட்டே இருப்பா."

பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். நான் தரையிலேயே நின்று கையாட்டினேன்.

மறுநாள் மாலை பெண் குழந்தை பிறந்தது. அத்தை பிரசவ அறை வாசலிலேயே இருந்தாராம். போன் வந்தபோது முதல் மணியிலேயே எடுத்தேன். "குளிச்சாச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன். உண்மை. மடித்து வைத்த சட்டைகளில் இரண்டு குறைந்திருந்தன. ஒன்றை நானே துவைத்தேன். முதல் பட்டனை அமுக்கிவிட்டேன். அந்தச் சட்டை இனி பிறந்த குழந்தைக்குத்தான் சரியாக இருக்கும்.

இன்று விமானக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ‘மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு’ என்று தொடங்குகிறது. என் கணக்கில் பாயிண்ட் விழுந்துவிட்டதாம். கூடவே ஒரு கருத்துக் கணிப்பு. ஒரே ஒரு கேள்வி: ‘எங்கள் ஊழியர்கள் உங்கள் உறவைச் சரியாக அடையாளம் கண்டார்களா?’ கீழே ஐந்து நட்சத்திரங்கள்.

பிழை பார்ப்பது என் தொழில். ஆரம்பத்திலிருந்து மறுபடி எல்லாவற்றையும் வரிவரியாகப் பார்த்தேன். ஐந்து நட்சத்திரங்களையும் அழுத்தினேன். டிக்கெட் கிடைக்க வேண்டுமே என்று அந்தப் படிவத்தில் ஒரு பொய் சொன்னதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். படிவத்தில் பொய்யே இல்லை. அவரை நான் ‘அத்தை’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேனே, அதுதான் பொய்.